படித்துக்கொண்டே கிளையன்ட் வேலை: முடிக்கும் நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: கல்லூரியில் படிக்கிறீர்கள், வெப்சைட் டிசைன் செய்து கொடுக்கிறீர்கள், கையில் மூன்று கிளையன்ட்கள் இருக்கிறார்கள். ஒருவர் கன்டென்ட் தராமல் இழுக்கிறார். இன்னொருவர் திருத்தம் சொல்லி ஓயவில்லை. மூன்றாமவருக்கு எல்லாமே அவசரம். இதற்கு நடுவில் செமஸ்டர் தேர்வு நெருங்குகிறது. படிப்பையும் விடாமல் இவர்களையும் எப்படிச் சமாளிப்பது?

மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள் மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். வேலை எங்கே முடிகிறது என்பது தொடங்கும்போது பேசப்படவில்லை. முழுநேர டிசைனருக்கு ஒரு ப்ராஜெக்ட் இழுத்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். மாணவருக்கு அந்த வசதி கிடையாது. தேர்வு வரும், இன்டர்ன்ஷிப் வரும், படிப்பு முடிந்ததும் வேறு ஊர், வேறு வேலை. அந்தத் தளத்தை விட்டு நீங்கள் விலகும் நாள் ஏறத்தாழ இப்போதே தெரியும். அதனால் ஒப்படைக்கும் நாளை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். எந்த வேலையை எடுப்பது, எந்தத் தொழில்நுட்பத்தில் தளத்தைக் கட்டுவது, யார் பெயரில் டொமைன் வாங்குவது என்று எல்லா முடிவும் அந்த ஒரு நாளைப் பொறுத்தது.

முதலில் இந்த வாரம் செய்ய வேண்டியது. மூன்று பேருக்கும் தனித்தனியாக ஒரு மெசேஜ் எழுதுங்கள். போனில் பேசினாலும் பரவாயில்லை, ஆனால் பேசியதை உடனே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். கன்டென்ட் தராதவருக்கு இப்படி எழுதலாம்: "வணக்கம் சார். எனக்குத் தேர்வு இந்தத் தேதியில் தொடங்குகிறது. அதற்குப் பத்து நாள் முன்பு எல்லாப் பக்கங்களுக்கான விவரமும் படங்களும் வந்துவிட்டால் தேர்வுக்கு முன்பே தளத்தை முடித்துத் தருகிறேன். அதற்குள் வராவிட்டால் தேர்வு முடிந்ததும் இந்தத் தேதியில் மீண்டும் தொடங்குகிறேன். எது உங்களுக்கு வசதி என்று சொல்லுங்கள்." இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இரண்டு தேதிகள் இருக்கின்றன, எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் கையில்.

திருத்தம் சொல்பவரிடம், மிச்சம் உள்ள எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தரச் சொல்லுங்கள். வந்ததும் அதை இரண்டாகப் பிரியுங்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்று சரியாக வராததால் கேட்பவை ஒரு பக்கம், புதிதாகச் சேர்க்கச் சொல்பவை இன்னொரு பக்கம். முதல் வகையை முடித்துக் கொடுங்கள். இரண்டாவது வகைக்கு எவ்வளவு ஆகும், எப்போது முடியும் என்று எழுதி அனுப்புங்கள். பாதிக் கோரிக்கைகளை அவரே கைவிட்டுவிடுவார்.

அவசரப்படுபவரிடம் ஒரே கேள்வி: அந்தத் தேதியில் என்ன நடக்கிறது? திறப்பு விழா, கண்காட்சி, சேர்க்கை தொடக்கம் என்று உண்மையான காரணம் இருந்தால் அன்றைக்கு ஒரே ஒரு பக்கம் போதும். பெயர், என்ன செய்கிறார்கள், எப்படித் தொடர்புகொள்வது, அவ்வளவுதான். மீதிப் பக்கங்கள் பின்னால் வரட்டும். காரணம் ஒன்றும் இல்லையென்றால், அது அவருடைய ஆர்வம். உங்கள் காலண்டரை அது தீர்மானிக்க வேண்டியதில்லை.

இனி அடுத்த வேலைகளுக்கு வருவோம்.

நாள் கணக்கு போடும்போது நம் மனது நம்மை ஏமாற்றும், ஆகும் நாளைக் குறைத்தே சொல்லும். 1979-இல் உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் இதை ஒரு பொதுவான மனித இயல்பாகவே விளக்கினார்கள். 1994-இல் ரோஜர் ப்யூலர், டேல் க்ரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அதில் கணக்குப் போட்டவர்கள் மாணவர்கள். இறுதியாண்டு ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று 37 பேரிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கு மேல். சொன்ன தேதிக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மோசமான நிலை என்று நினைத்துப் போட்ட கணக்குகூட போதவில்லை என்பதைக் கவனியுங்கள். அதிலும் அவர்களுக்கு கன்டென்ட் தர வேண்டிய கிளையன்ட் யாரும் இல்லை.

இதற்கு நல்ல மருந்து, கற்பனையில் கணக்குப் போடாமல் பழைய பதிவிலிருந்து போடுவது. எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்று ஒரு ஷீட்டில் குறித்துவாருங்கள். அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தேதி, கிளையன்ட், என்ன செய்தேன், எத்தனை மணி நேரம், இவ்வளவு போதும். இரண்டு ப்ராஜெக்ட் முடிந்தாலே மூன்றாவதற்கு நம்பகமான எண் கிடைத்துவிடும். டிசைனைவிட மெசேஜுக்குப் பதில் போடுவதில் எவ்வளவு நேரம் போகிறது என்பதும் அப்போது தெரியவரும். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும்.

காலண்டரில் தேர்வு வாரங்களையும் ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரங்களையும் முதலில் அடைத்துவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எந்தத் தளத்தையும் லைவ் ஆக்க வேண்டாம். தளம் வெளியான அடுத்த சில நாட்களில்தான் ஃபார்ம் வேலை செய்யவில்லை, போனில் படம் தெரியவில்லை என்று அழைப்புகள் வரும். வகுப்பு நடக்கும் காலத்தில் ஒரு கிளையன்ட், விடுமுறையில் இரண்டு பேர். என் கணிப்பில் அதுதான் தாங்கும் அளவு. அதற்கு மேல் ஒருவர் வந்தால் மறுக்க வேண்டாம். தொடங்கும் தேதியைத் தள்ளிச் சொல்லுங்கள். காத்திருக்கத் தயாராக இருப்பவரோடு வேலை செய்வது பெரும்பாலும் இதமாகவே இருக்கும்.

நீங்கள் மாணவர் என்பதை மறைக்காதீர்கள். எந்த நாட்களில், எந்த நேரத்தில் பதில் கிடைக்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், வகுப்பில் இருக்கும்போது போன் எடுக்காததை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இதோடு ஒட்டிய ஒன்றும் உண்டு. 18 வயது நிறையாதவர்கள் போடும் ஒப்பந்தம் பல நாடுகளில் செல்லாமல் போகலாம், அப்படியென்றால் பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட வேண்டியிருக்கும். மாணவர் விசாவில் வெளிநாட்டில் படிப்பவர்கள் சொந்தமாகத் தொழில் செய்து சம்பாதிக்க அனுமதி உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் அது விசாவையே பறித்துவிடும்.

ஒப்பந்தம் என்றதும் பயப்பட வேண்டாம், ஒரு பக்கம் போதும். எந்தெந்தப் பக்கங்கள், எவையெல்லாம் இதில் சேராது, எத்தனை சுற்றுத் திருத்தம், கன்டென்ட் எந்தத் தேதிக்குள், கடைசி முடிவு யாருடையது, பணம் எப்போது எவ்வளவு, முடிந்த பிறகு எத்தனை நாள் உதவி. இதில் "எவையெல்லாம் சேராது" என்ற பகுதியைத்தான் பலர் எழுதுவதில்லை. லோகோ வரைவது, எழுத்துப் பிழை திருத்துவது, படம் எடுப்பது, பொருட்களை ஒவ்வொன்றாக ஏற்றுவது, சோஷியல் மீடியா போஸ்டர். இவை உங்கள் வேலையில்லை என்றால் பெயர் சொல்லியே எழுதிவிடுங்கள். உறவினருக்கோ நண்பருக்கோ காசு வாங்காமல் செய்தாலும் இந்த ஒரு பக்கம் வேண்டும். காசு வாங்காத வேலைக்குத்தான் எல்லை இல்லாமல் போகும்.

பணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாதி அட்வான்ஸ், மீதி "தளம் லைவ் ஆனதும்" என்று பேசுவது வழக்கம். அந்த மீதி பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். ஏனென்றால் லைவ் ஆவது கிளையன்ட் கன்டென்ட் தருவதைப் பொறுத்தது. நீங்கள் உங்கள் பங்கை முடித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள். அதனால் தவணைகளை உங்கள் கையில் இருக்கும் விஷயங்களோடு கட்டுங்கள். தொடங்க ஒரு பகுதி, டிசைனுக்கு ஒப்புதல் கிடைத்ததும் ஒரு பகுதி, டெஸ்ட் முகவரியில் தளத்தை முழுதாகக் காட்டியதும் மீதி. அவர் டொமைனில் ஏற்றுவது அதற்கு அடுத்த படி.

கன்டென்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், மாணவர்களின் ப்ராஜெக்ட் அதிகமாக நின்றுபோவது இங்கேதான். கிளையன்ட் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் அவருக்கு என்ன எழுதுவது என்றே தெரிவதில்லை. "எங்களைப் பற்றி பக்கத்துக்கு மேட்டர் அனுப்புங்க" என்றால் யாருக்கும் கை வராது. அதற்குப் பதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கேள்விகளாக ஒரு டாகுமென்ட் கொடுங்கள். எப்போது தொடங்கினீர்கள்? யார் உங்களைத் தேடி வருகிறார்கள்? வருபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி என்ன? இதற்கு அவர் எழுத வேண்டாம், உங்களோடு அரை மணி நேரம் பேசட்டும். ரெக்கார்ட் செய்து நீங்களே எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள், அதற்கும் விலை சேர்த்துக்கொள்ளுங்கள். கன்டென்ட் வருவதற்கு முன் அர்த்தமில்லாத மாதிரி எழுத்தைப் போட்டு டிசைனை முடிக்காதீர்கள். மூன்று வரிக்கு இடம் விட்ட இடத்தில் முப்பது வரி வரும், மறுபடி முதலிலிருந்து டிசைன் செய்வீர்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து வரும். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு டிரைவ் ஃபோல்டர் கொடுங்கள். லோகோ எஸ்விஜி போன்ற, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பாக வேண்டும், லெட்டர்பேடை போட்டோ எடுத்து அனுப்பினால் ஆகாது. கூகுளில் தேடிக் கிடைத்த படத்தைக் கிளையன்ட் அனுப்பினால் அதை ஏற்றாதீர்கள். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், படைப்பு உருவானவுடனேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்ய வேண்டிய தேவையே இல்லை. படத்தில் வாட்டர்மார்க் இல்லை என்பதால் அது எல்லோருக்கும் சொந்தமாகிவிடாது. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் வருபவை, வணிகத் தளத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். எங்கோ தரவிறக்கிய ஃபான்ட் என்றால் அதன் உரிமத்தைப் படித்துப் பாருங்கள்.

கருத்துச் சொல்வதற்கு ஒரே ஆள், ஒரே இடம். இது தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும். குடும்பத் தொழில் என்றால் அப்பாவுக்கு நீலம் பிடிக்கும், மகனுக்குக் கறுப்பு பிடிக்கும். அவர்களுக்குள் பேசி முடித்து ஒருவர் உங்களிடம் சொல்லட்டும். "இன்னும் கொஞ்சம் பளிச்சுனு வேணும்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தால் உடனே கலரை மாற்றாதீர்கள். எந்தப் பகுதி மங்கலாகப் படுகிறது, யாருக்கு அது கண்ணில் பட வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் போன் நம்பரோ பட்டனோ எடுப்பாகத் தெரியவில்லை என்பதுதான் குறையாக இருக்கும். பின்னணிக்கும் சாதாரண அளவு எழுத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று, எல்லோரும் தளத்தைப் படிக்க முடிவதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி சொல்கிறது. ரசனை பற்றிய விவாதத்தைத் தீர்க்க இந்த மாதிரி ஒரு அளவுகோல் கையில் இருப்பது நல்லது.

அடுத்து, எதில் கட்டுவது. நீங்கள் இப்போது கற்றுக்கொண்டிருக்கும் ஃப்ரேம்வொர்க்கில் செய்து பார்க்க ஆசை வரும், அது இயல்பு. ஆனால் நீங்கள் போன பிறகு வேலை நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கிளையன்ட் யாரிடம் போவார்? அவர் தானாகவே மாற்றக்கூடிய ஒன்றில் கட்டுங்கள். அடிக்கடி மாறாத ஐந்து பக்கத் தளம் என்றால் டேட்டாபேஸ் இல்லாத எளிமையான ஸ்டாட்டிக் பக்கங்களே நல்லது, ஹேக் ஆகும் வாய்ப்பு குறைவு, பராமரிப்பும் குறைவு. வேர்ட்பிரஸ் என்றால் ப்ளகின்களை (கூடுதல் வசதிக்குச் சேர்ப்பவை) குறைவாக வையுங்கள். அப்டேட் செய்வது யார் என்று எழுதி வையுங்கள். புதியதைக் கற்றுக்கொள்ள உங்கள் சொந்தத் தளம் இருக்கிறதே.

மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் ஒரு பொறி உண்டு. கோட் எழுதும் மென்பொருட்களுக்கு ஜெட்பிரெயின்ஸ் தரும் மாணவர் உரிமம் வணிக வேலைக்கு இல்லை. தளங்களை இணையத்தில் வைத்து நடத்தும் (ஹோஸ்டிங்) வெர்செல்லின் இலவச ஹாபி பிளானும் வணிகமல்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். கிட்ஹப் பேஜஸ் ஆன்லைன் கடை நடத்துவதற்கான இலவச ஹோஸ்டிங் இல்லை என்று அவர்களே விதியில் சொல்லியிருக்கிறார்கள். மாணவர் சலுகையில் வந்த ஹோஸ்டிங் கிரெடிட்டும் ஒருநாள் தீரும், அன்று தளம் நின்றுவிடும். கிளையன்டின் தளத்துக்கு அவர் காசில், அவர் கணக்கில், காசு கட்டிய ஹோஸ்டிங்தான் வேண்டும்.

டொமைனும் அப்படியே. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கிளையன்ட் பெயரில், அவருடைய இமெயிலில், அவருடைய கார்டில் பதிவு செய்யுங்கள். குறிப்பாக உங்கள் கல்லூரி இமெயிலை இதற்குக் கொடுக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகளில் அந்த முகவரி மூடப்படும். புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் எல்லாம் யாரும் பார்க்காத பெட்டிக்குப் போகும். டாட் காம் போன்ற டொமைன்களுக்கு, டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் (ICANN) அமைப்பின் விதிப்படி, பதிவு செய்ததும் உரிமையாளரின் இமெயிலை 15 நாட்களுக்குள் உறுதிப்படுத்த வேண்டும், இல்லையென்றால் டொமைன் முடக்கப்படலாம். காலாவதியாகி நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் இருக்கும், ஆனால் மீட்கக் கூடுதல் கட்டணம் ஆகும். பணம் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் டொமைனைப் பிடித்துவைப்பதும் வேண்டாம். அந்தப் பெயர் அவருடைய பிழைப்பு. பணத்துக்குப் பாதுகாப்பு மேலே சொன்ன தவணைதான்.

பழைய தளத்தை மாற்றும்போது நடக்கும் பெரிய விபத்து இமெயில் நின்றுபோவது. டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றினால், தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பழைய டிஎன்எஸ் ரெக்கார்டுகள் தானாகக் கூட வராது. மெயிலுக்கான எம்எக்ஸ் ரெக்கார்டு விட்டுப்போனால் கிளையன்டின் அலுவலக மெயில் வராமல் போகும், பல மணி நேரம் யாருக்கும் தெரியாது. மாற்றும் முன் எல்லா ரெக்கார்டுகளையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முடிந்தால் நேம்சர்வரைத் தொடாமல், தளம் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று காட்டும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுங்கள். ஒரு ரெக்கார்டை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கும் என்ற அளவான டிடிஎல்லை ஒரு நாள் முன்பே 300 விநாடியாகக் குறைத்துவிட்டால், ஏதாவது தவறினாலும் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பலாம். இதை வார நாள் காலையில் செய்யுங்கள், மறுநாள் உங்களுக்குத் தேர்வு இல்லாத நாளாகப் பார்த்து.

லைவ் ஆனதும் பார்க்க வேண்டியவை சில உண்டு. வேர்ட்பிரஸ்ஸில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிட்டீர்களா? காண்டாக்ட் ஃபார்மிலிருந்து அனுப்பிய மெயில் கிளையன்டின் இன்பாக்ஸுக்கு வருகிறதா, ஸ்பாமுக்குப் போகிறதா? ஸ்பாமுக்குப் போனால் எஸ்எம்டிபி வழியாக, அதாவது முறையான மெயில் கணக்கில் லாகின் செய்து அனுப்பும்படி மாற்றுங்கள். பக்கத்தின் பெரிய படமோ தலைப்போ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவு. உங்கள் லேப்டாப்பில் பார்த்துத் திருப்திப்படாமல், விலை குறைந்த போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

ஒப்படைக்கும்போது பாஸ்வேர்டுகளை மெசேஜில் அனுப்ப வேண்டாம், பாஸ்வேர்ட் மேனேஜர் வழியாகப் பகிருங்கள். கிளையன்டுக்குத் தனி அட்மின் கணக்கு உருவாக்கி, அவர் அதில் உள்ளே போய்ப் பார்த்த பிறகு உங்கள் கணக்கை நீக்கச் சொல்லுங்கள். ஒரு படத்தை மாற்றுவது, ஒரு வரியைத் திருத்துவது இரண்டையும் ஸ்க்ரீன் ரெக்கார்ட் செய்து கொடுங்கள், சில நிமிட வீடியோ போதும். பேக்கப்பின் ஒரு பிரதி அவரிடமும் இருக்கட்டும். தளத்தை உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாள் வரை பிழை இருந்தால் இலவசமாகச் சரிசெய்வேன் என்று முடிவுத் தேதியோடு எழுதுங்கள். தேதி இல்லாத வாக்குறுதி அடுத்த வருடமும் உங்களைத் தேடி வரும்.

கடைசியாக, இப்போதுள்ள மூன்றில் ஒன்றை உங்களால் முடிக்கவே முடியாது என்று தோன்றினால், அதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தேர்வு தொடங்கிய பிறகு போனை அணைத்துவைப்பதுதான் கிளையன்டுக்குப் பெரிய கஷ்டம். இதுவரை செய்த டிசைன் கோப்புகள், எழுதிய கோட் (நிரல்), வந்த கன்டென்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். எது முடிந்தது, எது மீதி என்று ஒரு பக்கம் எழுதுங்கள். செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சீனியரோ வகுப்புத் தோழரோ எடுத்துச் செய்யத் தயாராக இருந்தால், அவரிடம் முதலில் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு கிளையன்டிடம் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்துப் பேசவைத்து, அந்த ஃபோல்டரை அங்கேயே கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.